பிள்ளை இருப்பதற்கு ஒரு வரி

2010 அக்டோபரில் பர்மிங்ஹாமில் நடந்த கன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டில் பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் ஓர் அறிவிப்பைச் செய்தார். அதிகம் சம்பாதிப்பவர்களின் வீடுகளுக்கு இனிமேல் குழந்தை உதவித்தொகை கிடையாது என்றார். வங்கிகள் சரிந்து, அரசின் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தொட்டிருந்த நேரம் அது. குறைந்த கூலிக்காரரிடம் வரி வாங்கி, அவரைவிடப் பல மடங்கு சம்பாதிப்பவரின் பிள்ளைக்குக் கொடுப்பது எப்படி நியாயம் என்ற கேள்வியை மறுத்துப் பேசுவது யாருக்கும் எளிதாக இல்லை. 2013 ஜனவரி 7 முதல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சில திருத்தங்களுடன் இன்றும் நீடிக்கிறது. வசதியானவர்கள் பொதுச்செலவுக்குக் கூடுதலாகத் தர வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இந்த வெட்டு வசதியானவர்கள் எல்லாரையும் தொடவில்லை. அவர்களில் பிள்ளை பெற்றவர்களை மட்டும் தொடுகிறது. அவர்களிலும் ஒரு பகுதியினரை விட்டுவிடுகிறது. நியாயத்தின் பெயரால் செய்யப்பட்ட ஒன்று, நியாயம் என்ற தராசிலேயே நிற்கவில்லை என்பதுதான் என் கட்சி.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதைப் பறிப்பதன் பொருள் விளங்கும். பிள்ளைகள் உள்ளவருக்கு வருமான வரியில் சலுகை தரும் ஏற்பாடு பிரிட்டனில் 1909-இல், நிதியமைச்சர் லாய்ட் ஜார்ஜின் வரவுசெலவுத் திட்டத்திலேயே தொடங்கிவிட்டது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத ஏழைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எலினார் ராத்போன் என்ற அம்மையார் பிள்ளைகளுக்கென நேரடியாகப் பணம் தர வேண்டும் என்று கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் போராடினார். 1945-இல் சட்டம் வந்தது. மசோதாவில் பணம் தகப்பன் கைக்கு என்றிருந்தது. அப்படியானால் எதிர்த்து வாக்களிப்பேன் என்று நாடாளுமன்ற உறுப்பினரான அவர் நின்றதால் தாய் கைக்கு என்று மாறியது. 1946 ஆகஸ்டிலிருந்து இரண்டாவது பிள்ளை தொடங்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங். அதைப் பார்க்க ராத்போன் இல்லை. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே காலமாகிவிட்டார். வரிச்சலுகை ஒரு பக்கம், இந்த உதவித்தொகை ஒரு பக்கம் என்று முப்பது ஆண்டுகள் ஓடின. பார்பரா காசில் அமைச்சராக இருந்தபோது 1975-இல் வந்த சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியது. தகப்பன் சட்டைப்பைக்குப் போய்க்கொண்டிருந்த வரிச்சலுகையை ஒழித்து, அந்தப் பணத்தைத் தாயின் சுருக்குப்பைக்கு மாற்றியது. சம்பளத்தில் பிடித்தம் கூடினால் ஆண் தொழிலாளர்கள் கொதிப்பார்கள் என்று அஞ்சி, பிரதமர் காலகனின் அமைச்சரவை 1976-இல் இதைக் கைவிடப் பார்த்தது. அமைச்சரவை ஆவணங்கள் 'நியூ சொசைட்டி' இதழில் கசிந்து சந்தி சிரித்த பிறகே வேறு வழியின்றி நிறைவேற்றியது.

ஆக, வசதியான வீட்டுக்குப் போன குழந்தை உதவித்தொகை யாரோ தவறுதலாக அனுப்பிய தர்மப்பணம் அல்ல. அந்த வீட்டுக்கு முன்பு இருந்த வரிச்சலுகைக்கு ஈடாக வந்தது. ஒரே அலுவலகத்தில் ஒரே உயர்ந்த சம்பளம் வாங்கும் இருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு மூன்று பிள்ளைகள், மற்றவருக்குப் பிள்ளை இல்லை. இருவரும் ஒரே அளவு வரி கட்டினால் அது சமமாகாது என்பதைத்தான் லாய்ட் ஜார்ஜ் காலத்து வரிச்சட்டமும் ஒப்புக்கொண்டது. மூன்று வயிறுகளை நிரப்பும் சம்பளமும் தனக்கு மட்டும் செலவாகும் சம்பளமும் எண்ணிக்கையில் ஒன்று, தாங்கும் சக்தியில் வேறு. 2013-க்குப் பிறகு இந்த இருவரும் அரசின் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டார்கள். பற்றாக்குறையை அடைக்கப் பிள்ளைகள் உள்ளவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,450 பவுண்டை இழந்தார். பிள்ளை இல்லாதவர் இந்த நடவடிக்கையால் ஒரு பென்னியும் இழக்கவில்லை. பணக்காரரிடமிருந்து எடுத்து ஏழைக்குக் கொடுப்பது என்று இதைச் சொல்வதைவிட, பிள்ளை இருப்பதற்கு ஒரு வரி என்று சொல்வதே பொருந்தும்.

அந்த வரியைக் கணக்கிடும் விதம் இன்னும் விசித்திரமானது. குடும்பத்தின் மொத்த வருமானத்தைப் பார்ப்பதில்லை. கணவன் மனைவியரில் யார் அதிகம் சம்பாதிக்கிறாரோ அவர் வருமானத்தை மட்டும் பார்க்கிறார்கள். 2013-இல் வைத்த எல்லை 50,000 பவுண்டு. அதைத் தாண்டும் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் உதவித்தொகையில் நூற்றில் ஒரு பங்கு வரியாகத் திரும்பப் போயிற்று. 60,000 ஆனால் முழுவதும் போய்விட்டது. எனவே கணவனுக்கு 49,000, மனைவிக்கு 49,000 என்று 98,000 பவுண்டு வந்த வீட்டுக்கு முழுத்தொகை கிடைத்தது. ஒருவர் மட்டும் 60,000 சம்பாதித்து மற்றவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட வீட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கணவனின்றித் தனியாகப் பிள்ளை வளர்த்த தாய்க்கு 60,000 வந்தாலும் அதே கதிதான் நேர்ந்தது. இரண்டு பிள்ளைகள் உள்ளவருக்கு அந்தப் பத்தாயிரம் பவுண்டு இடைவெளியில் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் வருமான வரி, தேசியக் காப்பீடு, இந்தப் பிடித்தம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 60 பவுண்டு போயிற்று. 1,50,000 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தவர் அப்போது செலுத்திய உச்ச விகிதம்கூட இவ்வளவு இல்லை. இதில் இன்னொரு கூத்து, பணம் தாய் கணக்குக்குப் போக, வரி கட்டும் பொறுப்பு அதிகம் சம்பாதிக்கும் கணவனுக்கோ துணைவருக்கோ வருவது. பிள்ளை அவருடையதாக இல்லாவிட்டாலும், தாயுடன் சேர்ந்து வாழ்பவர் என்பதற்காகவே கட்ட வேண்டும். ராத்போன் தாய் கையில் கொண்டுபோய்ச் சேர்த்த பணத்தை, "வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு" என்று கணவன் கேட்கும் நிலை வந்தது.

இரண்டு பேர் வேலைக்குப் போகும் வீட்டில் குழந்தைக் காப்பகத்துக்கே ஒரு சம்பளம் போய்விடுகிறதே, அவர்களுக்குக் கூடுதல் சலுகை இருந்தால் என்ன என்று கேட்கலாம். கேள்வியில் உண்மை இருக்கிறது. ஆனால் காப்பகச் செலவுக்கென அங்கே தனி உதவி உண்டு. பெற்றோர் ஒவ்வொருவரும் ஒரு லட்சம் பவுண்டு வரை சம்பாதித்தாலும் அது கிடைக்கும். தவிர, காப்பகத்துக்கும் தனி ஆளாகச் செலவழித்து உதவித்தொகையையும் இழக்கும் ஒற்றைத் தாய்க்கு இந்த வாதம் எந்தப் பதிலும் தருவதில்லை.

அப்படியானால் குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுத்துவிட்டால் தீர்ந்தது அல்லவா? 2024 மார்ச்சில் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் அதைத்தான் சொன்னார். எல்லையை 60,000 ஆக்கி, 80,000-இல் முழுப் பிடித்தம் என்று தளர்த்தியதோடு, 2026 ஏப்ரலுக்குள் குடும்ப வருமானக் கணக்குக்கு மாறப்போவதாகவும் அறிவித்தார். ஆட்சி மாறியது. புதிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதே ஆண்டு அக்டோபரில், செலவு அதிகம் என்று அந்த மாற்றத்தைக் கைவிட்டார். செலவைவிடப் பெரிய முடிச்சு ஒன்று இதில் இருக்கிறது. 1990 முதல் பிரிட்டனில் கணவன் மனைவி தனித்தனி வரிதாரர்கள். மனைவியின் வருமானம் கணவனுடைய கணக்கின் ஓரத்தில் எழுதப்பட்ட காலத்தை ஒழித்துப் பெண்கள் பெற்ற உரிமை அது. யார் யாருடன் வாழ்கிறார், இருவருக்கும் சேர்த்து எவ்வளவு வருகிறது என்று வரித்துறை குடைய ஆரம்பித்தால் அந்த உரிமை தேயும். புதிய படிவங்களும் புதிய தவறுகளும் பெருகும். பிரான்ஸ் 2015 ஜூலை முதல் வசதியான வீடுகளுக்குத் தொகையைக் குறைத்தது உண்மைதான். அங்கே வரியே குடும்பத்துக்கு என்று போடப்படுவதால் அது சாத்தியமாயிற்று. அங்கும் பாதியாக, கால்வாசியாகக் குறைத்தார்களே தவிர ஒரேயடியாக நிறுத்தவில்லை. தனிநபர் வரி உள்ள நாட்டில் குடும்பத்தை அளந்து பார்க்கும் உதவித்தொகை முட்டிக்கொண்டே இருக்கும். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, வருமான வரியில் மேல்தட்டு விகிதத்தைச் சற்றே உயர்த்தினால் முட்டலே இல்லை. பிள்ளை உள்ள கோடீஸ்வரரும் தருவார், இல்லாதவரும் தருவார்.

கூலிக்காரர் ஏன் வங்கி அதிகாரியின் பிள்ளைக்குத் தர வேண்டும் என்ற தொடக்கத்துக் கேள்விக்கும் இதுவே பதில். வங்கி அதிகாரி வாங்கும் தொகையைப் போலப் பல மடங்கு வரியாகத் தருகிறார். போதாதென்றால் இன்னும் வாங்கலாம், தடை ஏதும் இல்லை. அதே அரசு, அதே ஆண்டுகளில், வசதியான முதியவர்களுக்குக் குளிர்கால எரிபொருள் தொகையையும் இலவசப் பேருந்துச் சீட்டையும் விடாமல் கொடுத்தது. அவர்கள் தவறாமல் வாக்களிப்பவர்கள். குழந்தைகளுக்கு வாக்கு இல்லை.

எல்லாருக்கும் உரிய திட்டத்திலிருந்து நடுத்தர வர்க்கத்தை வெளியேற்றினால், மிஞ்சியவர்களுக்காகக் குரல் கொடுக்க ஆள் குறையும். பிரிட்டிஷ் சமூகவியல் அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் ஏழைகளுக்கென்று தனியாக நடத்தப்படும் சேவைகளைப் பற்றி இப்படித்தான் எச்சரித்தார். நடந்ததைப் பாருங்கள். முதல் பிள்ளைக்கு 2010-இல் வாரம் 20.30 பவுண்டு, 2020-இல் 21.05. பத்து ஆண்டுகளில் ஏறியது 75 பென்ஸ். வேறு பல உதவிகளும் அந்தக் காலத்தில் முடங்கின என்பதால், பணக்காரர்களை நீக்கியது மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா முதியவர்களுக்கும் உரிய அரசு ஓய்வூதியம் 2011 முதல் விலைவாசி, ஊதிய உயர்வு, 2.5 சதவீதம் ஆகியவற்றில் எது பெரிதோ அந்த அளவுக்கு ஏறியது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 50,000 என்ற எல்லையோ பதினொரு ஆண்டுகள் அசையவே இல்லை. தொடக்கத்தில் சுமார் எட்டுக் குடும்பங்களில் ஒன்று இழந்தது. பத்தாண்டில் அது நான்கில் ஒன்றை நெருங்கிவிட்டது என்பது லண்டனில் உள்ள நிதி ஆய்வு நிறுவனமான ஐஎஃப்எஸ்-ஸின் கணிப்பு. பணக்காரர்களுக்கு என்று போட்ட கோடு பள்ளி ஆசிரியர், செவிலியர் கண்காணிப்பாளர் வரை வந்துவிட்டது. இதற்கிடையில் வேறு நாடுகள் எதிர்த்திசையில் நடந்தன. முதல் பிள்ளைக்கு வருமான வரம்பு வைத்திருந்த போலந்து 2019 ஜூலையில் அதை நீக்கியது. ஜப்பான் 2024 அக்டோபரில் தன் குழந்தைத் தொகைக்கு இருந்த வருமான வரம்பை அடியோடு எடுத்தது.

வெட்டின் மிகக் கசப்பான விளைவு பணத்தில்கூட இல்லை. வேலைக்குப் போகாமல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வளர்ப்பவருக்கு, குழந்தை உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தால், அந்த ஆண்டுகள் அரசு ஓய்வூதியக் கணக்கில் சேரும். முழு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டுகள் வேண்டும். எப்படியும் திரும்பக் கட்ட வேண்டிய பணம்தானே என்று விண்ணப்பிக்காமலே விட்ட தாய்மார்கள் ஏராளம்; அவர்கள் கணக்கில் அந்த ஆண்டுகள் வெற்றாகக் கிடந்தன. விட்டுப்போன ஆண்டுகளைச் சேர்த்துத் தர வழி செய்வதாக அரசு பின்னர் ஒப்புக்கொண்டது. வேண்டாத சிக்கலை உண்டாக்கி, அதை அவிழ்க்க ஒரு புதுத்திட்டம். லண்டனிலோ லெஸ்டரிலோ பிள்ளை பெற்றிருக்கும் மகளோ மருமகளோ உங்களுக்கு இருந்தால், கணவர் சம்பளம் எவ்வளவானாலும் படிவத்தை நிரப்பி அனுப்பச் சொல்லுங்கள். பணம் வேண்டாம் என்று குறிக்க அதிலேயே இடம் இருக்கிறது. ஓய்வூதிய ஆண்டுகள் அவர் பெயரில் ஏறிவிடும்.