‘ரியோ’ – டுரான் டுரான்
12 அங்குல வினைல் இசைத்தட்டு, ஈஎம்ஐ, பிரிட்டன், 1982

பர்மிங்காம் நகரில் உருவான நியூ வேவ் பாப் குழுவின் இரண்டாவது ஆல்பம். காலின் தர்ஸ்டன் தயாரித்தார். பிரிட்டிஷ் தரவரிசையில் 2ஆம் இடம் வரை ஏறியது. உறையில் கரிய கூந்தலும் வெளிறிய முகமுமாகச் சிரிப்பவளை வரைந்தவர் அமெரிக்க ஓவியர் பேட்ரிக் நேகல். உறை வடிவமைப்பு மால்கம் காரெட்.

இதிலுள்ள ‘சேவ் எ பிரேயர்’ பாடலின் காணொளி இலங்கையில், சிகிரியாப் பாறை உச்சியிலும் படமாக்கப்பட்டது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மறுபடி வெளியிட்டபோது, முதல் பக்கப் பாடல்களை டேவிட் கெர்ஷன்பாம் மறுகலவை செய்தார். ஆகவே, இரண்டு தட்டுகளும் ஒன்றுபோல ஒலிப்பதில்லை.

கடைசிப் பாட்டுக்கும் நடு லேபிளுக்கும் இடையே வழவழப்பான வளையத்தைக் கவனியுங்கள். எந்த அச்சில் வார்த்த தட்டு என்பதைச் சேகரிப்பாளர்கள் அங்கே பொறித்துள்ள எண்களைக் கொண்டே கண்டுபிடிக்கிறார்கள்.