பிஎஸ்4-க்கு எஸ்எஸ்டி போடலாமா? ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு சின்னக் கணக்கு



பொங்கலுக்குக் கலசப்பாக்கம் போயிருந்தேன். சாப்பிட்டு முடிச்சு திண்ணையில உட்கார்ந்ததும் சித்தி பையன் பக்கத்துல வந்தான். "அண்ணா, நீ ஆடிட்டர்தானே, ஒரு கணக்கு சொல்லு. என் ப்ளேஸ்டேஷன்ல இருக்கிற ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி போடப் போறேன். அஞ்சாயிரம் ஆகும். நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு. போடலாமா?"

அவன் சம்பளம் மாசம் 18,000. அதுல ஐயாயிரம்னா கால் பங்குக்கும் மேல. வாரத்துல ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அதனால "வேணாம்டா"ன்னு ஒரே வார்த்தையில முடிக்கத் தோணலை. உட்கார்ந்து கணக்கு போட்டோம். உங்களுக்கும் உதவும்னு அதை அப்படியே இங்க எழுதுறேன்.

முதல்ல, எஸ்எஸ்டி எதை மாத்தும்?

பிஎஸ்4 இந்தியாவுக்கு வந்தது 2014 ஜனவரியில. உள்ளே இருக்கிறது லேப்டாப்புல வர்ற அதே 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க். கழட்டி மாத்துறதுக்கு சோனியே வழி வெச்சிருக்கு. எஸ்எஸ்டி போட்டா கேம் லோட் ஆகிற நேரம் கண்டிப்பா குறையும். ஆனா படத்தோட தரம் கூடாது, புதுசா வர்ற பிஎஸ்5 கேம் ஓடாது. அதாவது, நீங்க வாங்குறது வேகத்தை இல்லை, காத்திருக்கிற நேரத்தைத்தான்.

சரி, அந்த நேரத்துக்கு விலை போடுவோம். ஒரு நாளைக்கு 5 நிமிஷம் மிச்சம், வருஷத்துக்கு 250 நாள் விளையாடுறீங்கன்னு வெச்சுக்கோங்க. 1,250 நிமிஷம், கிட்டத்தட்ட 21 மணி நேரம். மூணு வருஷத்துக்கு சுமார் 62 மணி நேரம். ஐயாயிரத்தை அதால வகுத்தா, மணிக்கு 80 ரூபாய். தினமும் விளையாடுறவருக்கு இது மோசமில்லை.

ஆனா நம்ம தம்பி விளையாடுறது வருஷத்துக்கு 50 ஞாயிறு. மூணு வருஷத்துல அவனுக்கு மிச்சமாகிறது பன்னெண்டரை மணி நேரம். மணிக்கு 400 ரூபாய்! அவனோட ஒரு மணி நேரச் சம்பளமே அவ்வளவு வராது.

உண்மையான பிரச்சனை வேற

"சரி, உனக்கு எதுதான்டா தொல்லை?"ன்னு கேட்டேன். அப்பத்தான் விஷயம் வெளிய வந்துச்சு. இருக்கிற 500 ஜிபி நிரம்பிடுச்சு. புது கேம் போடணும்னா பழசை அழிக்கணும். மறுபடி அது வேணும்னா திரும்ப டவுன்லோட். அவன் வீட்டு நெட்டுல 30 எம்பிபிஎஸ் வருது. 100 ஜிபி கேம் இறங்க ஏழரை மணி நேரம் ஆகும். ஞாயிறு முழுக்க டவுன்லோட் பார்லதான் போகுது. மொபைல் டேட்டாவுல தினம் 1.5 ஜிபி கிடைக்கிறவருக்கு இதே கேம் இறங்க ரெண்டு மாசத்துக்கு மேல!

அவன் வாங்க நினைச்ச எஸ்எஸ்டி எவ்வளவு தெரியுமா? அதுவும் 500 ஜிபி! இடம் ஒரு ஜிபி கூடக் கூடாது. இடப் பற்றாக்குறைக்கு வேகத்தை வாங்கப் போயிருக்கான். இந்தத் தப்பை நாம எல்லாரும் ஏதாவது ஒரு பொருள்ல பண்ணியிருப்போம்.

பரண் மேல இருந்த தீர்வு

2017-ல வந்த 4.50 அப்டேட்டுக்கு அப்புறம் பிஎஸ்4-ல யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கை வெளியில மாட்டி, அதுல இருந்தே கேம் விளையாடலாம். குறைஞ்சது 250 ஜிபி, அதிகபட்சம் 8 டிபி.

சித்தி வீட்டுப் பரண்ல அவன் ப்ளஸ் டூ படிச்சப்போ வாங்குன அரசு இலவச லேப்டாப் ஸ்க்ரீன் போய்க் கிடந்துச்சு. அதுக்குள்ள ஒரு 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதைக் கழட்டி யுஎஸ்பி கேஸ்ல போட்டா வேலை முடிஞ்சது. செலவு சில நூறு ரூபாய்தான்.

ரெண்டு எச்சரிக்கை. மாட்டினதும் பிஎஸ்4 அதை ஃபார்மேட் பண்ணும். போட்டோ ஏதாவது இருந்தா முன்னாடியே எடுத்துடுங்க. பழைய டிஸ்க் ஒருநாள் போகலாம். ஆனா கேம் சேவ் எல்லாம் உள் டிஸ்க்லயே இருக்கும்கிறதால பெரிய நஷ்டமில்லை.

பிஎஸ்5 வெச்சிருக்கீங்களா?

முதல்ல வந்த மாடல்ல 825 ஜிபி. நமக்குக் கிடைக்கிறது சுமார் 667. 2021 செப்டம்பர் அப்டேட்ல இருந்து எம்.2 எஸ்எஸ்டி சேர்க்கலாம். அது ஜென்4 வகையா இருக்கணும், ஹீட்சிங்க் கட்டாயம். பிஎஸ்5 கேம்களை யுஎஸ்பி டிஸ்க்ல இருந்து விளையாட முடியாது, சேமிச்சு வைக்கத்தான் முடியும். ஆனா அதுவே போதும்: 100 ஜிபி-யைத் திரும்ப உள்ளே காப்பி பண்ண, நொடிக்கு 100 எம்பி வந்தாலே 17 நிமிஷம்தான். ஏழரை மணி நேரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ-யில காஸ்ட் எங்க?

ப்ராசஸிங் ஃபீஸ் 199 ரூபாய்னு வெச்சுக்கோங்க. அதுக்கு 18% ஜிஎஸ்டி 36 ரூபாய். மொத்தம் 235. ஐயாயிரத்துல இது 4.7%. போக, பேங்க் கணக்குல காட்டுற வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு. ஆறு மாசக் கடனுக்கு இது சும்மா இல்லை.

கேமிங் சேனலை வருமானத்துக்காக நடத்துறவங்களுக்குக் கணக்கு வேற. தொழிலுக்கு வாங்குன பொருளுக்குத் தேய்மானம் காட்டலாம். ஜிஎஸ்டி பதிவு இருந்தா உள்ளீட்டு வரியும் எடுக்கலாம். சொந்த உபயோகத்துக்கு ரெண்டுமே கிடையாது.

அப்போ யார் மாத்தலாம்?

டிஸ்க்ல 'டக் டக்'னு சத்தம் வருதா? மாத்திடுங்க. அது ஆடம்பரம் இல்லை, ரிப்பேர். தினமும் விளையாடுறீங்க, கையில காசு இருக்கு, இன்னும் ரெண்டு வருஷம் இதே மெஷின்தானா? தாராளமா எஸ்எஸ்டி போடுங்க. நாளைக்கு பிஎஸ்4-ஐ வித்தாலும் எஸ்எஸ்டி பழைய லேப்டாப்புக்கு ஆகும். இடம்தான் பிரச்சனைன்னா வெளி டிஸ்க் போதும். கடன் வாங்கித்தான் போடணும்னா, இப்போதைக்கு வேண்டாம்.

தம்பி போலூர் போய் யுஎஸ்பி கேஸ் வாங்கிட்டு வந்தான். மிச்சக் காசு ஆர்டி-யில போயிடுச்சு, அவனோட முதல் அவசர நிதி. அடுத்த ஞாயிறு மத்தியானம் போன் பண்ணேன். எடுக்கலை. விளையாடிட்டு இருந்தானாம்!