முதுமைக்குப் பொருள் சேர்த்தல்

திருக்குறளின் பொருட்பால் 70 அதிகாரங்களைக் கொண்டது. அவற்றுள் ஒன்றன் பெயரே ‘பொருள் செயல்வகை’. பொருளீட்டலைத் தமிழ் மரபு இழிவாகக் கருதவில்லை என்பதற்கு இது சான்றாகும். எனினும், ஈட்டும் காலத்தைப் பற்றிப் பேசும் அளவிற்கு, ஈட்ட இயலாக் காலத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. மாத ஊதியம் பெறுவோர் தம் முதுமைக்கு எங்ஙனம் பொருள் சேர்க்கலாம் என்பதனை ஈண்டு நோக்குவோம்.

ஓய்வூதியத்தின் நிலை

ஓய்வூதியம் என்றாலே இறுதி ஊதியத்தில் பாதி என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. தமிழ்நாட்டரசில் 2003 ஏப்ரல் 1 முதலும், படைத்துறை நீங்கலாக மத்திய அரசில் 2004 சனவரி 1 முதலும் பணியேற்றோர்க்குப் பங்களிப்பு முறை புகுத்தப்பட்டது. அதன் பின்னரும் விதிகள் மாறி வந்துள்ளன.

சுயநிதிப் பிரிவு ஆசிரியர்க்கும் தனியார் நிறுவன ஊழியர்க்கும் வருங்கால வைப்பு நிதியே பெருந்துணை. அதனோடு இணைந்தது 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டம். பத்தாண்டுப் பணி முடித்தோர் 58 வயதில் இதன் பயனைப் பெறுவர். ஓய்வூதியத்திற்குரிய ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி, 70-ஆல் வகுத்துத் தொகை கணக்கிடப்படும். 2014-இல் வரையறுக்கப்பட்ட 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்பின்படி, 35 ஆண்டுகள் கணக்கில் கொள்ளப்பட்டாலும் கிடைப்பது மாதம் 7,500 ரூபாயே. வாழ்நாள் முழுதும் கற்பித்தவர்க்கு இத்தொகை போதுமா என்பதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விலைவாசியும் காலமும்

விலைவாசி ஆண்டுதோறும் 6 விழுக்காடு உயருமாயின், செலவு 12 ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்காகும். இன்று 36 வயதில் மாதம் 25,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்திற்கு, 60 வயதில் அதே வாழ்வுக்கு ஒரு லட்சம் ரூபாய் தேவைப்படும்.

விலைவாசியை உயர்த்தும் காலமே சேமிப்பையும் வளர்க்கிறது. மாதம் 1,000 ரூபாயை 25 வயது முதல் ஒருவர் சேமிக்கிறார். மற்றொருவர் 40 வயதில் தொடங்குகிறார். ஆண்டுக்கு 8 விழுக்காடு வளர்ச்சி எனக் கொண்டால், 60 வயதில் முன்னவரிடம் ஏறத்தாழ 23 லட்சமும், பின்னவரிடம் 6 லட்சத்திற்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். முன்னவர் கூடுதலாகச் செலுத்தியது 1,80,000 ரூபாய் மட்டுமே. எஞ்சிய வேறுபாடு காலம் தந்தது. எனவே, இக்கட்டுரை முதியோரைவிட மாணவர்க்கே மிகுதியும் உரியது எனலாம். வட்டியை விலக்குவோர் இதே உண்மையை வாடகை தரும் கட்டடத்திலும் தொழிற்பங்கிலும் பொருத்திப் பார்க்கலாம்.

வழிகள் சில

15 ஆண்டுப் பொது வருங்கால வைப்பு நிதி, 2009 முதல் குடிமக்கள் அனைவர்க்கும் திறக்கப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டம், 60 வயது கடந்தோர்க்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் ஆகியன உள்ளன. பணிக்கொடைச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் திருத்தம், ஆசிரியர்க்கும் அவ்வுரிமையை 1997 ஏப்ரல் 3 முதல் வழங்கியது. இதனை அறியாமலே பணி விட்டுச் சென்றோரும் உளர்.

பணி மாறும்போதெல்லாம் வைப்பு நிதியை எடுத்துச் செலவிடுதல் பெருந்தவறு. தொகை கரைவதோடு பணியாண்டுகளும் அறுபடும். பத்தாண்டு நிறையாவிடின் மாத ஓய்வூதிய உரிமையே கிட்டாது. திருமணச் செலவுக்கென முதுமையின் சேமிப்பு முழுவதையும் ஒரே நாளில் கரைப்பதும் அத்தகையதே.

கணக்குகளில் வாரிசு நியமனம் செய்தலும், திருமணத்திற்குப்பின் அதனைப் புதுப்பித்தலும் இன்றியமையாதன. கணவர் மறைந்தபின், எந்தப் பணம் எங்குள்ளது என்றறியாது அலுவலகங்கள்தோறும் அலையும் மகளிரை நாம் காண்கிறோம். கணக்கு விவரங்கள் அனைத்தையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி, மனைவியிடம் தருதல் செலவில்லாத காப்பீடாகும்.

முடிவாக

பெற்றோரைப் பிள்ளைகள் பேணுவது நம் பண்பாடு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பிள்ளையின் அன்பை நாடுவது வேறு; மருந்துக்கும் அவன் கையை எதிர்பார்ப்பது வேறு. அவனுக்கும் குடும்பம் உண்டு, கடன் உண்டு. தனக்கென ஒரு தொகை உள்ள முதியவர் பேரனுக்குப் புத்தகம் வாங்கித் தரவும், இல்லாதார்க்கு ஈயவும் வல்லவராவார். முதல் மாத ஊதியத்திலேயே அதற்கான முதற்பங்கை ஒதுக்குதல் நன்று.