பிக்கார்டு ஏன் விரிசல் விடுகிறது?

'அவியல்' இசைக்குழு உருவான திருவனந்தபுரத்தில் எலெக்ட்ரிக் கிதார் வாசிப்போருக்குப் பஞ்சமில்லை. கடலோர ஊர், உப்புக்காற்றில் திருகாணிகள் துருப்பிடிக்கும். ஆனால் தந்திகளுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தகடான பிக்கார்டு, துளைகளை ஒட்டியே விரிசல் விடுவதற்குக் காரணம் வேறு.

மரத்தைவிடப் பிளாஸ்டிக் சூட்டில் பல மடங்கு விரியும். 30 செ.மீ. நீள பி.வி.சி. தகடு 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.4 மி.மீ. நீளும். பூட்டிய காருக்குள் இந்தச் சூடு சாதாரணம். திருகாணி இறுக்கிப் பிடித்தால், நகர வழியின்றி அழுத்தமெல்லாம் துளையின் விளிம்பில் குவிகிறது. 1959 முதல் ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் வந்த செல்லுலாய்டு தகடுகள் காலப்போக்கில் சுருங்கவும் செய்தன.

ஆகவே தகட்டின் துளை, திருகாணித் தண்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். தந்திகளைத் தளர்த்தித் தகட்டை வையுங்கள். தந்தியின் அதிர்வை உணரும் பிக்அப்பின் காந்த முனைகள் தந்திகளுக்கு நேர்கீழே வர வேண்டும். திருகாணியை முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் 'டக்'கென்று இறங்கும். அதுதான் மரத்தில் ஏற்கெனவே விழுந்த மரை. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் புது மரை வெட்டாது. இந்தச் சின்ன விஷயம் தெரியாமலே நல்ல கிதார்கள் பாழாகின்றன. எல்லாவற்றையும் பாதிவரை செலுத்திய பிறகே, மாற்றி மாற்றி முழுதாக முடுக்குங்கள். தகடு அசையாமல் நின்றால் போதும்.

மரத்திலுள்ள துளை தளர்ந்திருந்தால் பல்குச்சியை மரப்பசையில் தோய்த்துச் செருகி, காய்ந்ததும் மறுபடி துளையிடலாம்.

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பழைய தகட்டுக்கு 8 திருகாணி, பிந்தையதற்கு 11. புதிது வாங்கும் முன் எண்ணிப் பாருங்கள்.