மாரி தொடங்குமுன் வீட்டிலும் ஊரிலும் செய்யவேண்டியவை

2024 டிசெம்பரில், வெள்ளம் வடிந்து சில நாட்களே சென்றிருந்த நிலையில், யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சலுக்குள்ளான பலர் அடுத்தடுத்து உயிரிழந்தனர். ஆரம்பத்தில் அது 'மர்மக் காய்ச்சல்' என்றே பேசப்பட்டது. பரிசோதனைகளின் பின்னரே அது எலிக்காய்ச்சல் எனத் தெரியவந்தது. வயலில் இறங்கும் எமது விவசாயிகளுக்கு இது புதிய நோயன்று. ஆயினும், அறிந்த நோயே உயிரைப் பறிப்பதற்கு இரண்டு நாள் தாமதம் போதுமானது.

எலிகளினதும் கால்நடைகளினதும் சிறுநீருடன் வெளியேறும் கிருமி, தேங்கிய நீரிலும் சேற்றிலும் உயிர்வாழ்ந்து, காலிலுள்ள சிறு கீறலூடாகக்கூட உடலினுள் நுழைந்துவிடுகின்றது. அறிகுறிகள் பெரும்பாலும் ஓரிரு வாரங்களின் பின்னரே தோன்றுகின்றன. அதாவது, முற்றம் காய்ந்து, வெள்ளத்தை மறந்திருக்கும் வேளையில்தான் காய்ச்சல் வருகின்றது. கெண்டைக்கால் தசைகளில் கடும் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் என்பன காணப்படின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். வெள்ளநீரிலோ வயலிலோ நின்றதை வைத்தியரிடம் நோயாளியே முந்திக்கொண்டு கூறுவது நல்லது. வைத்தியரின் சந்தேகத்தைச் சரியான திசைக்குத் திருப்ப அந்த ஒரு வாக்கியமே உதவும். அபாயத்திலுள்ளோருக்கான தடுப்பு மருந்தாகிய டொக்ஸிசைக்கிளின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளூடாக இலவசமாக வழங்கப்படுகின்றது. வயலில் இறங்குமுன்னரே அதனைத் தொடங்கவேண்டும். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் வைத்திய ஆலோசனையின்றி அதனை உட்கொள்ளலாகாது.

டெங்கின் இயல்பு வேறு. 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். அவ்வாண்டு மார்ச் மாதம் கிண்ணியா பட்ட துயரை அப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். டெங்கில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான வேளையாகும். "சூடு விட்டுவிட்டது" என்று வீட்டார் ஆறுதலடையும்போதுதான் இரத்தக்குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குகின்றது. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, கைகால் குளிர்தல் என்பன அதன் அறிகுறிகள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர்ந்த வேறு வலிநிவாரணிகள் ஆகாது. அஸ்பிரினும் இபுபுரூபனும் இரத்தக்கசிவை மோசமாக்கக் கூடியவை. அலுமாரியிலுள்ள மாத்திரைகளை இப்போதே பிரித்து வைப்பது காய்ச்சல்காரரின் தலைமாட்டில் நின்று தேடுவதைவிட எளிதானது.

நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளர்கள் உள்ள வீடுகளில் இரண்டு வாரத்துக்கான மருந்தும் கிளினிக் கொப்பியும் நீர் புகாத உறையில் இருக்கவேண்டும். வெள்ளநீர் புகுந்த கிணற்றை இறைத்துக் குளோரின் இடும்வரை அந்நீரைப் பருகலாகாது. இதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உதவியைப் பெறலாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கம் வீட்டிலுள்ள சிறுவருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.

ஊரின் ஆயத்தம் இதனிலும் கடினமானது, ஏனெனில் அது நம்பிக்கையில் தங்கியுள்ளது. 2020 ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. மக்கள் அதனை நன்றியுடன் ஏற்றனர. அதே ஆண்டில், அடக்கம் செய்வதற்கும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் இடமளித்திருந்தும், கொவிட் தொற்றினால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியிலேயே அத்தடை நீக்கப்பட்டது. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரித்துவிடுவார்களோ என்ற அச்சம் உள்ள வீட்டில், நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்பக் கைகள் தயங்குவது இயல்பே. அறிவியலுக்குப் புறம்பான ஒரு கட்டளை, சுகாதார ஊழியர் பல்லாண்டுகளாக வீடுவீடாகச் சென்று ஈட்டிய மதிப்பை ஒரு கையொப்பத்துடன் குலைத்துவிடும் என்பதை அதிகாரிகள் உணரவேண்டும்.

அந்த இடைவெளியை ஓரளவேனும் நிரப்பக் கூடியவை பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் தேவாலயங்களுமே. இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்வோர், பிரசவ நாளை அண்மித்த தாய்மார், தனித்து வாழும் முதியோர் ஆகியோரின் பட்டியலொன்றைக் கிராம உத்தியோகத்தருடனும் குடும்பநல உத்தியோகத்தருடனும் சேர்ந்து அவை தயாரிக்கலாம். யாருடைய முச்சக்கரவண்டி, யாருடைய உழவு இயந்திரம் எவருக்கு உதவும் என்பதும் அதில் இருக்கவேண்டும். செப்டெம்பரில் இதனை ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். நவம்பரில், வீதிகளில் நீர் நிற்கும்போது, பட்டியல் எழுத ஆளிருக்காது.