விக்கிப் பக்கங்களில் வரியிடை நிரல் துணுக்குகள்: குறியின் எல்லையும் தமிழ் உருபும்

1. முன்னுரை

கணிப்பொறி தொடர்பான விளக்கக் கட்டுரைகளில் நிரல் பகுதிகள் இருவகையாகக் காணப்படுகின்றன. பல வரிகளாகத் தனித்து நிற்பவை ஒரு வகை. ஒரு சொல்லாகவோ சில குறிகளாகவோ வாக்கியத்தின் நடுவே அமைபவை மற்றொரு வகை. பின்னவற்றை வரியிடை நிரல் துணுக்குகள் எனலாம். தனித்து நிற்கும் நிரலைச் சூழ்ந்திருப்பது வெற்றிடம். வரியிடைத் துணுக்கைச் சூழ்ந்திருப்பது வாக்கியம். எனவே முன்னதில் எழாத இலக்கணச் சிக்கல்கள் பின்னதில் எழுகின்றன. வேற்றுமைப் பொருளைத் தனிச்சொற்களால் உணர்த்தும் ஆங்கிலத்தில் இச்சிக்கல் சிறிது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் உருபும் சாரியையும் புணர்ச்சி மாற்றமும் சொல்லின் இறுதியிலேயே நிகழ்வதால் இது பெரிதாகிறது.

பலரும் கூடி எழுதித் திருத்தும் விக்கி முறையை வார்டு கன்னிங்காம் 1995-இல் அறிமுகப்படுத்தினார். விக்கிப்பீடியா 2001-இலும் தமிழ் விக்கிப்பீடியா 2003-இலும் தொடங்கப்பட்டன. விக்கிப்பீடியா மீடியாவிக்கி என்னும் மென்பொருளால் இயங்குகிறது. அதில் எழுதுவோரே எழுத்து வடிவத்திற்கான குறிகளையும் இடுகின்றனர். மொழிபெயர்ப்பவரும் பெரும்பாலும் அவரே. அச்சுக்கோப்பவர் தீர்த்துவைத்த சில வினாக்கள் இங்கு எழுதுபவரிடமே வந்து சேர்கின்றன. துணுக்கைக் காட்டும் குறி எங்குத் தொடங்கி எங்கு முடிய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவ்வினாவைத் தமிழ் இலக்கண நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கட்டுரையில் துணுக்குகள் ஒற்றை மேற்கோளுக்குள் தரப்படுகின்றன. மேற்கோள் துணுக்கின் பகுதியன்று. விக்கிக் குறிகளின் பெயர்கள் பக்கத்தில் உரோமன் எழுத்திலேயே இடப்படுபவை. இங்கு ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன.

2. பயன்படுத்தலும் சுட்டலும்

ஒரு சொல்லைப் பொருளுணர்த்தப் பயன்படுத்துவது வேறு; அச்சொல்லையே பொருளாகக் கொண்டு சுட்டுவது வேறு. ‘மரம் வளர்ந்தது’ என்பதில் மரம் என்னும் சொல் பயன்படுத்தப்படுகிறது. ‘மரம் மூன்றெழுத்துச் சொல்’ என்பதில் அது சுட்டப்படுகிறது. வரியிடைத் துணுக்கு எப்போதும் சுட்டப்படும் சொல்லே. இவ்வேறுபாடு எழுத்தில் புலப்படாவிடில் என்ன நேரும் என்பதைத் தமிழ்ச் சொற்களாலான எழில் என்னும் நிரல்மொழி தெளிவாகக் காட்டுகிறது. அதில் அச்சிடுவதற்கு ‘பதிப்பி’, நிபந்தனைக்கு ‘ஆனால்’, நிபந்தனை பொருந்தாதபோது ‘இல்லை’, பகுதியை முடிக்க ‘முடி’ ஆகியன கட்டளைச் சொற்களாக உள்ளன. பின்வரும் வாக்கியங்களை ஒப்பிடுக.

(1) இந்த நிரலில் இல்லை இல்லை.
(2) இந்த நிரலில் ‘இல்லை’ இல்லை.
(3) ஆனால் ஆனால் வந்தபின் முடி வர வேண்டும்.
(4) ஆனால் ‘ஆனால்’ வந்தபின் ‘முடி’ வர வேண்டும்.

(1) அழுத்தம் கருதிய அடுக்குத்தொடராகவே படிக்கப்படும். (2) ஒரு கட்டளைச் சொல் நிரலில் இடம்பெறவில்லை என்னும் செய்தியைத் தருகிறது. (3) பொருளற்ற தொடராகத் தோன்றும். (4) ஒரு தொடரியல் விதியைக் கூறும். சொற்களும் அவற்றின் வரிசையும் ஒன்றே. குறி மட்டுமே வேறு. ஆகவே குறி இங்கு அழகுக்காக அன்றிப் பொருள் வேறுபாட்டிற்காக இடப்படுவதாகும்.

துணுக்கு உரோமன் எழுத்தில் இருப்பின் எழுத்து வேறுபாடே ஓரளவு எல்லையைக் காட்டிவிடும். தமிழ் எழுத்திலான துணுக்கிற்கு அத்துணை இல்லை. உரோமன் எழுத்துத் துணுக்கை வேறுபடுத்தும் சம அகல எழுத்துருவும் தமிழுக்கு எளிதில் பொருந்துவதில்லை. ‘ர’வும் ‘ணௌ’வும் ஓர் அகலத்தில் அடங்குவன அல்ல. எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லாதபோது உலாவி வேறோர் எழுத்துருவை எடுத்துக்கொள்வதால் அவ்வேறுபாடு மறைந்து, பின்னணி நிறமும் மெல்லிய கட்டமும் மட்டுமே எஞ்சுகின்றன. எனவே தமிழில் குறியின் எல்லையைத் துல்லியமாக இடுவது மேலும் இன்றியமையாததாகிறது.

3. விக்கியில் வழங்கும் குறிகள்

மீடியாவிக்கியில் ஒரு வரியின் முதலில் இடைவெளி விட்டால் அவ்வரி முழுவதும் தனிப்பெட்டியில் தோன்றும். இது தனித்து நிற்கும் நிரலுக்கு உரியது. வாக்கியத்தின் நடுவே உதவாது. வரியிடைத் துணுக்கிற்கு எச்டிஎம்எல் குறிகள் நான்கு பயன்படுகின்றன. இவை 1995-இல் வெளியான எச்டிஎம்எல் இரண்டாம் பதிப்பிலேயே இடம்பெற்றவை.

(அ) ‘கோட்’: நிரல் பகுதி, கட்டளைச் சொல் முதலியன.
(ஆ) ‘கேபிடி’: பயனர் விசைப்பலகையில் உள்ளிட வேண்டியது.
(இ) ‘சாம்ப்’: கணிப்பொறி திரையில் காட்டும் வெளியீடு.
(ஈ) ‘வார்’: மாறியின் பெயர்; அல்லது பயனர் தமக்குரியதை இட்டு நிரப்ப வேண்டிய இடம்.

இந்நான்கும் தோற்றத்தைவிடப் பொருண்மையைக் குறிப்பவை என்பது கருதத்தக்கது. தட்டச்சுத் தோற்றத்தை மட்டும் தந்த ‘டிடி’ என்னும் பழைய குறி, 2014-இல் பரிந்துரையாக வெளியிடப்பட்ட எச்டிஎம்எல் ஐந்தாம் பதிப்பில் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதைவிட எத்தன்மையது என்பதைக் குறிப்பதே வேண்டப்படுகிறது.

‘கோட்’ குறியைப் பற்றிப் பரவலாக நிலவும் ஒரு தவறான கருத்தை இங்குச் சுட்டுதல் தகும். அக்குறி தன்னுள் இருப்பதை வேறுபட்ட வடிவில் காட்டுமேயன்றி, விக்கிக் குறிகள் செயற்படுவதைத் தடுக்காது. விக்கியில் ஒரு சொல்லைச் சாய்வெழுத்தாக்க அதன் இருபுறமும் இரண்டிரண்டு தனிமேற்குறிகள் இடப்படும். இதைக் கற்பிக்கும் பக்கத்தில்,

(5) <கோட்>''சொல்''</கோட்>

என எழுதினால், படிப்பவர் காண்பது கட்டத்திற்குள் சாய்ந்து நிற்கும் ‘சொல்’ மட்டுமே. கற்பிக்க வேண்டிய மேற்குறிகள் மறைந்துவிடுகின்றன. இவ்வாறே இரட்டைச் சதுர அடைப்பு இணைப்பாகவும், இரட்டை நெளிவடைப்பு வார்ப்புருவாகவும் மாறிவிடும். இதைத் தவிர்க்க ‘நோவிக்கி’ குறியை உள்ளே இட வேண்டும்.

(6) <கோட்><நோவிக்கி>''சொல்''</நோவிக்கி></கோட்>

(6)-இல் மேற்குறிகள் எழுதியவாறே தோன்றும். நிரல்மொழிக்கேற்ற வண்ணங்கள் வேண்டுமாயின் ‘சின்டாக்ஸ்ஹைலைட்’ குறியை ‘இன்லைன்’ என்னும் பண்புடன் இடலாம். அதனுள் விக்கிக் குறிகள் செயற்படுவதில்லை. துணுக்கை ஒரு வார்ப்புருவின் உள்ளீடாகத் தரும்போது நிலைக்கோடும் சமக்குறியும் வார்ப்புருவின் உறுப்புகளாகக் கொள்ளப்பட்டுவிடும். ஆகவே நிலைக்கோட்டிற்கு மாற்றாக அதற்குரிய மாற்றுக் குறியையும், சமக்குறி வருமிடத்தில் உள்ளீட்டின் முன் ‘1=’ என்பதையும் எழுதுவர்.

4. உருபும் புணர்ச்சியும்

துணுக்கின்பின் வேற்றுமை உருபு வருகையில் மூன்று நிலைகள் தோன்றுகின்றன. இரண்டாம் வேற்றுமையைக் கொண்டு இவற்றை விளக்கலாம்.

முதல் நிலையில் சொல்லின் வடிவம் மாறுவதில்லை. ‘பதிப்பி’ என்பதனோடு ஐ உருபு சேர்ந்தால் யகர உடம்படுமெய் தோன்றிப் ‘பதிப்பியை’ ஆகும். குறியைப் ‘பி’ என்னும் எழுத்தோடு முடித்து, ‘யை’ என்பதை வெளியே எழுதலாம். கட்டத்தினுள் இருப்பது பிழையற்ற கட்டளைச் சொல்.

இரண்டாம் நிலையில் இறுதியெழுத்து மாறுகிறது. ‘ஆனால்’ என்பதனோடு ஐ சேர்ந்தால் ‘ஆனாலை’ என்றாகும். லகர மெய்யும் ஐகாரமும் ‘லை’ என்னும் ஓரெழுத்தாக இணைந்துவிடுவதால் துணுக்கின் எல்லை எழுத்தின் நடுவே விழுகிறது. யுனிகோடு முறையில் ‘லை’ என்பது லகரமும் ஐகாரக் குறியுமாகச் சேமிக்கப்படுவது உண்மையே. ஆயினும் இரண்டிற்கும் இடையே குறியை முடித்தால், உயிர்க்குறி தன் மெய்யினின்றும் பிரிந்து புள்ளி வட்டத்தோடு தோன்றக்கூடும். கட்டத்தினுள் எஞ்சும் ‘ஆனால’ என்பதோ கட்டளைச் சொல் அன்று. ‘நிறுத்து’ என்பது ‘நிறுத்தை’ எனக் குற்றியலுகரம் கெட்டுப் புணர்வதும் இந்நிலையே.

மூன்றாம் நிலையில் பகுதியே திரிகிறது. எழில் மொழியில் செயற்கூறை வரையறுக்கும் சொல் ‘நிரல்பாகம்’. இது உருபேற்கையில் மகரம் கெட்டு, அத்துச் சாரியை பெற்று ‘நிரல்பாகத்தை’ என்றாகும். இதனுள் கட்டளைச் சொல்லை எங்கு வெட்டியும் எடுக்க இயலாது. பக்கத்தில் கண்டவாறே படியெடுத்து உள்ளிடும் மாணவருக்குப் பிழைச்செய்தியே கிடைக்கும். மனிதர் ‘நிரல்பாகத்தை’ என்பதனுள் ‘நிரல்பாகம்’ இருப்பதை உணர்வர், நிரல்பெயர்ப்பி உணராது.

ஒற்று மிகுதலும் கருதத்தக்கது. ‘பதிப்பி’க் கட்டளை என்னும்போது மிகும் ககர ஒற்று வாக்கியத்தின் புணர்ச்சியால் வருவதேயன்றித் துணுக்கிற்கு உரியதன்று; அது குறிக்கு வெளியே நிற்க வேண்டும். உரோமன் எழுத்துத் துணுக்கின்பின் சிறுகோடிட்டு உருபை எழுதுவது பெருவழக்கு. கட்டளைகள் பலவற்றில் சிறுகோடு நிரலின் உறுப்பாகவே வருவதால், அக்கோடும் குறிக்கு வெளியே அமைய வேண்டும்.

இங்கு இணைப்புகளோடு ஒப்பிடுதல் பயன்தரும். [[மதுரை]]யில் என எழுதினால் மீடியாவிக்கியின் தமிழ் அமைப்பு, அடைப்பை அடுத்துவரும் தமிழ் எழுத்துகளையும் சேர்த்து ‘மதுரையில்’ என்னும் முழுச்சொல்லையும் இணைப்பாகக் காட்டும். சொல் திரியுமாயின் [[மரம்|மரத்தில்]] என இலக்கும் தோற்றமும் தனித்தனியே தரப்படும். இணைப்பில் தோற்றம் வேறுபடலாம்; இலக்கு ஒன்றாக இருந்தால் போதும். துணுக்கில் தோற்றமே இலக்கு. ஆகவே இணைப்பில் உருபு உள்ளே செல்வது நன்மை. துணுக்கில் அது பிழை.

5. தாங்குபெயர்

சுட்டப்படும் வடிவத்தைத் திரியாமல் காத்து, உருபை வேறொரு கூறு ஏற்கச் செய்யும் வழி தமிழ் இலக்கண மரபிற்குப் புதியதன்று. எழுத்துகளைச் சுட்டுவதற்குக் கரம், காரம், கான் என்னும் சாரியைகள் வருவதைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் புணரியல் கூறுகிறது. அகரத்தை, ஆகாரத்தை, ஐகானை என்பவற்றில் உருபை ஏற்பது சாரியை; எழுத்து தன் வடிவில் நிற்கிறது. நிரல் துணுக்கிற்கும் இவ்வாறே உருபைத் தாங்கும் பெயரொன்றை அமைக்கலாம். அதைத் தாங்குபெயர் எனலாம். இது இருவகையில் அமையும்.

(7) ‘நிரல்பாகம்’ என்னும் சொல்லை முதலில் எழுதுக.
(8) ‘ஆனால்’ கட்டளையை அடைப்பின்பின் இடுக.

(7) ‘என்னும்’ என்பதால் இணைவது. (8) சிறப்புப்பெயரும் பொதுப்பெயரும் அடுத்து நிற்கும் இருபெயரொட்டு. இரண்டிலும் துணுக்கு முழுமையாக நிற்கிறது. மூன்று நிலைச் சிக்கல்களும் நீங்குகின்றன. தொடர் நீள்கிறது என்னும் குறை உண்டு. ஆயினும் தாங்குபெயர் துணுக்கின் தன்மையையும் உணர்த்துவதால் அந்நீட்சி வீணன்று. சொல், கட்டளை என்பன ‘கோட்’ குறிக்கும், விசை என்பது ‘கேபிடி’ குறிக்கும், செய்தி என்பது ‘சாம்ப்’ குறிக்கும், மாறி என்பது ‘வார்’ குறிக்கும் இணையாக நிற்கின்றன. குறி உலாவிக்கு உணர்த்துவதைத் தாங்குபெயர் படிப்பவருக்கு உணர்த்துகிறது.

மென்பொருள் இடைமுகச் செய்திகளை மொழிபெயர்ப்போர்க்கும் இது பொருந்தும். மீடியாவிக்கிச் செய்திகளில் ‘$1’ என்பது பின்னர் நிரப்பப்படும் சொல்லுக்குரிய இடம். அங்கு வரப்போவது ‘மதுரை’யா, ‘மரம்’ஆ என்பது முன்னரே தெரியாது, ஆதலின் எவ்வுருபையும் நேரடியாக ஒட்ட இயலாது. ‘$1 என்னும் பக்கத்தை’ என்பதே எச்சொல் வரினும் வழுவாதது.

6. மொழிபெயர்ப்பில் தொடத்தகாதவை

துணுக்கினுள் இருப்பவை யாவும் மொழிபெயர்க்கத் தகாதவை என்று கொள்வதும் பொருந்தாது. கட்டளைச் சொற்களும் செயற்குறிகளும் மாற்றத்தகாதவை. ‘வார்’ குறிக்குள் நிற்கும் நிரப்பிடத்தின் பெயரோ படிப்பவருக்கான குறிப்பு. ‘கோப்பின்பெயர்’ என அதை மொழிபெயர்த்தல் நன்று. அச்சிடப்படும் சரமும் விளக்கத்திற்கேற்ப மாறலாம்.

நிறுத்தற்குறிகளிலும் இதே எல்லை விதி பொருந்தும். வாக்கியத்தை முடிக்கும் முற்றுப்புள்ளி குறிக்கு வெளியே நிற்க வேண்டும். பல நிரல்மொழிகளில் புள்ளி பொருளுடையது. சொற்செயலிகள் நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாகத் தாமே மாற்றிவிடுவதால், சரங்களைத் தரும் துணுக்குகளை அவற்றில் எழுதிப் பின் விக்கியில் ஒட்டுவோர் மேற்கோள்களைச் சரிபார்த்தல் வேண்டும். ‘கோட்’ குறிக்கு மாற்றாக மேற்கோளை மட்டும் இட்டால், படிப்பவர் மேற்கோளையும் சேர்த்து உள்ளிட நேரிடும்.

7. முடிவுரை

வரியிடை நிரல் துணுக்கைக் குறியிடுதல் வெறும் அச்சு வடிவம் பற்றியதன்று. சுட்டலுக்கும் பயன்படுத்தலுக்கும் இடையிலான எல்லையை எழுத்தில் நிறுவுவதாகும். படிப்பவர் உள்ளிட வேண்டிய எழுத்துகள் யாவும் குறிக்கு உள்ளேயும், தமிழ் வாக்கியத்திற்கு உரிய உருபு, சாரியை, ஒற்று, நிறுத்தற்குறி ஆகியன வெளியேயும் நிற்க வேண்டும் என்பது பொதுவிதி. வடிவம் மாறாத முதல் நிலையில் உருபை வெளியே ஒட்டலாம். ஏனைய இரு நிலைகளில் தாங்குபெயர் இன்றியமையாதது. பலர் திருத்தும் பக்கங்களில் ஒருமை வேண்டின், எல்லா நிலைகளிலும் தாங்குபெயரை அமைப்பதே சிறந்தது. அவ்வாறு எழுதப்படும் தொடரில் நிரலும் பிழைபடாது, தமிழும் பிழைபடாது.