பட்டாணிக்கு ஏற்ற கொழுகொம்பு

ரொறன்ரோ நகரின் மேற்குப் பகுதியில், ஒன்ராரியோ ஏரியை அண்டிக் கிடக்கும் பார்க்டேல், 1980களிலும் 1990களிலும் புலம்பெயர்ந்து வந்த ஈழத்தமிழர் பலருக்கு முதல் முகவரியாக அமைந்தது. ஜேம்சன் அவெனியூவின் மாடிக் குடியிருப்புகளில் குடியேறியோருக்கு வீட்டு வளவு என்பது நினைவில் மட்டுமே எஞ்சியது. எனினும் மண்ணுடனான உறவு முற்றாக அறுந்துவிடவில்லை. ஆங்கிலம் கற்க வந்த குடிவரவாளர்கள் பயிரிட்டுவந்த ‘மில்கி வே’ ஒழுங்கைத் தோட்டக் காணியை, பார்க்டேல் நெய்பர்ஹூட் லாண்ட் ட்ரஸ்ட் 2017ஆம் ஆண்டு விலைக்கு வாங்கிச் சமூகத்தின் உடைமையாக்கியது. இத்தகைய பொதுத் தோட்டத்திலோ, வீட்டு மாடத்திலோ சிறிதளவு இடம் கிடைத்தாலும், இளவேனிலில் முதன்முதலாக விதைக்கத்தக்க பயிர்களுள் ஒன்று பட்டாணி.

யாழ்ப்பாணத்துத் தோட்ட அனுபவம் இவ்விடத்தில் நம்மைச் சற்றே திசைதிருப்பக்கூடும். பயிற்றங்காய்க் கொடிக்குத் தடித்த தடியொன்றை நாட்டிவிட்டால் போதும். அதன் தண்டே தடியைச் சுற்றிச் சுற்றி மேலேறும். பட்டாணியின் தண்டு அவ்வாறு சுற்றுவதில்லை. அதன் இலை நுனியிலுள்ள தந்துகள், அதாவது பற்றுக்கம்பிகள், எதையேனும் பிடித்துக்கொண்டே செடி எழுகின்றது. அத்தந்துகள் உருமாறிய சிற்றிலைகளேயாகும். அவை காற்றில் மெல்லச் சுழன்று பிடிமானம் தேடுவதையும், தீண்டியதும் வளைந்து பற்றுவதையும் 1865இல் சார்ள்ஸ் டார்வின் ஏறுகொடிகள் பற்றிய தம் ஆய்வில் விரிவாக விளக்கினார்.

நூல்போன்ற இத்தந்துகளால் பென்சிலிலும் பருத்த தடியைச் செவ்வனே பற்ற இயலாது. முல்லைக்குத் தேரீந்த பாரியே வந்து தன் தேரை நிறுத்தினாலும், அதன் பருத்த கால்களைப் பட்டாணி பற்றிக்கொள்ளாது. செடி சரிந்து, ஈரமண்ணில் கிடந்து அழுகும். ஊரிலே தோட்டம் செய்து பழகிய முதியவர், “இந்தக் குளிர்தேசத்தில் ஒன்றும் வராது” என்று மண்வெட்டியை வைத்துவிட இது ஒன்றே போதும். குறை மண்ணிலுமில்லை, அவர் கையிலுமில்லை; நட்ட தடியிலேதான் உள்ளது.

செய்யவேண்டியது எளிது. ஏழடி உயரமான இரு கம்புகளை, ஓரடி மண்ணுக்குள் இறங்குமாறு உறுதியாக நாட்டுக. அவற்றுக்கிடையே அரையடிக்கு ஒன்றாகச் சணல் நூலைக் குறுக்கே கட்டி, மேலிருந்து கீழாகவும் நூல் இழுத்து வலைபோல் அமைத்துவிடுக. கத்தரித்து வீசப்பட்ட மரக்கிளைகளை, சிறு சுள்ளிகளுடனேயே வரிசையாகக் குத்திவைப்பதும் நன்று. இங்கிலாந்தின் பழைய தோட்டக்காரர் கைக்கொண்ட முறை அது. எதுவாயினும் விதைக்கும் நாளிலேயே அமைத்துவிட வேண்டும். செடி சரிந்தபின் தடி நாட்டப் புகுந்தால், ஆழமற்ற வேர்கள் அறுந்துபோகும்.

ஏப்ரலில் மண் இளகியதும் ஓரங்குல ஆழத்தில், இரண்டு அங்குல இடைவெளியில் விதைக்கலாம். இலேசான உறைபனியை இளஞ்செடி தாங்கும். கோடை வெப்பத்தையே தாங்காது. நம் நாட்டிலும் அதற்கு இசைவான இடம் யாழ்ப்பாணமன்று, குளிர்மிகு நுவரெலியாவே. 1979இல் அறிமுகமான ‘சுகர் ஸ்னாப்’ ஆறடி வரை உயரும். அதன் காயைத் தோலுடனேயே உண்ணலாம். ‘லிட்டில் மார்வெல்’ ஒன்றரை அடியளவில் நின்றுவிடுவதால் மாடத்துச் சாடிக்கு ஏற்றது. அதற்கும் சில சுள்ளிகள் துணை நின்றால் காற்றில் சாயாது.

யூலையில் காய்ப்பு ஓய்ந்ததும் செடியை வேரோடு பிடுங்காமல் அடியில் அறுத்துவிடுக. வேர்முடிச்சுகளிலுள்ள நைதரசன் மண்ணிலேயே தங்கி, அடுத்து விதைக்கும் படராத போஞ்சிக்கோ கீரைக்கோ உரமாகும். சணல் நூலாயின் கொடியுடனேயே மக்கிப்போகும். நல்ல செடிகள் சிலவற்றின் காய்களைப் பறிக்காது முற்றிக் காயவிடுவதும் அவசியம். பட்டாணி தன்மகரந்தச் சேர்க்கையுடையது. பெரும்பாலும் தாய்ச்செடியின் குணமே விதையிலும் இருக்கும். உலர்ந்த விதைகளைப் போத்தலில் அடைத்து ஈரமற்ற இடத்தில் வைத்தால், அடுத்த ஏப்ரலில் விதைப்பொதி வாங்கக் கடைக்குச் செல்லவேண்டிய தேவை இராது.